திருச்சில கார் வச்சிருக்கிறவங்க படிங்க: 41,300 ரூபாய் அநியாயமாப் போச்சு

வயிறு எரியுது. இதை எழுதி முடிச்சாத்தான் இன்னிக்குத் தூக்கம் வரும்.

7 வருசம் ஓடின பெட்ரோல் கார். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறோம். துவரங்குறிச்சி தாண்டி நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி பொசுக்குன்னு ஆஃப் ஆயிடுச்சு. ஸ்டியரிங் இறுகிப் போச்சு. ரெண்டு மிதி மிதிச்சதும் பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சு. பின்னாடி லாரி ஹாரன் அடிக்குது, பின் சீட்ல அம்மா. எப்படி ஓரங்கட்டினேன்னு எனக்கே தெரியல. 20 நிமிசம் நின்னுட்டுச் சாவி போட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. மேலூர் கிட்ட மறுபடியும் நின்னுச்சு.

திரும்பி வந்ததும் நேரா கம்பெனி சர்வீஸ் சென்டர். பேர் சொல்லல, வண்டி வாங்கினதுல இருந்து அங்கதான் விடுறேன். அட்வைசர் தம்பி ஏசி ரூம்ல உக்கார வச்சு, டீ கொடுத்து, எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாரு. மறுநாள் போன். "சார், ஃபியூவல் பம்ப் போயிடுச்சு. அசெம்ப்ளியா மாத்தணும், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங் எல்லாம் சேத்து 41,300." நான் தயங்கினேன். அப்ப சொன்னாரு பாருங்க, "அம்மாவை வச்சு ஓட்டுற வண்டி சார், ரிஸ்க் எடுக்காதீங்க." அந்த ஒரு வார்த்தைலதான் விழுந்தேன். வேலைக்குச் சம்மதம்னு போன்ல ஓடிபி வந்துச்சு, சொல்லிட்டேன். பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு வச்சிருந்த பணம் அது.

வண்டி எடுத்த மூணாவது நாள், சமயபுரம் டோல்கேட் பக்கம், மத்தியான வெயில்ல நின்னுச்சு. அதே மாதிரி.

அதுக்கப்புறம்தான் அவங்க நிஜ முகம் தெரிஞ்சுது. முதல் நாள், "பெட்ரோல்ல தண்ணி இருக்கும் சார், பங்க்கை மாத்துங்க." அடுத்த நாள் டெக்னீஷியன் லீவு. அதுக்கடுத்து ஒர்க்ஸ் மேனேஜர் மீட்டிங். நாலாவது நாள் நேர்ல போய் நின்னேன். "பம்புக்கு வாரண்டி இருக்கு சார், பம்பு நல்லாத்தான் இருக்கு. இப்ப ஈசிஎம், அதாவது இஞ்சினோட கம்ப்யூட்டர், மாத்திப் பாக்கணும், 62,000 ஆகும்." மாத்திப் பாக்கணுமாம்! என் காசுல! கழட்டின பழைய பம்பைக் கேட்டேன். ஸ்கிராப்புக்குப் போயிடுச்சாம்.

இன்னிக்குக் காலைல அரியமங்கலத்துல தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போனேன். அவர் முதல்ல எதையும் கழட்டல. "சூடானாத்தான நிக்குது? நிக்கட்டும்"னு ஸ்கேனரை மாட்டிட்டு இஞ்சினை ஓடவிட்டாரு. முக்கால் மணி நேரத்துல நின்னுச்சு. செல்ஃப் அடிக்கச் சொன்னாரு. இஞ்சின் சுத்துது, ஸ்கேனர்ல ஆர்பிஎம் ஜீரோ. "கிராங்க் சென்சார்ண்ணே. இஞ்சின் சுத்துறதை கம்ப்யூட்டருக்குச் சொல்றதே இதுதான். சூடு ஏறினா சிக்னல் விட்டுடும், ஆறினா வந்துடும்." சென்சார் மேல கொஞ்சம் தண்ணி ஊத்தி ஆறவிட்டு அடிச்சாரு, உடனே ஸ்டார்ட் ஆச்சு. என் கண்ணு முன்னாடி. புது சென்சார் 1,900, கூலி 500. சாயங்காலம் அதே வெயில்ல விராலிமலை வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன், ஒரு தடவைகூட நிக்கல.

"பம்பு மாத்துறதுக்கு முன்னாடி ஃபியூவல் பிரஷர் கேஜ், அதான் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கிற மீட்டர், வச்சுப் பாத்தாங்களா?"ன்னு அவர் கேட்டாரு. பில்லை எடுத்துப் பாத்தேன், அப்படி ஒரு செக்கிங்கே அதுல இல்ல. 2,400 ரூபாய் வேலைக்கு 41,300 ரூபாய் வாங்கியிருக்காங்க. தப்புன்னு தெரிஞ்சப்புறமும் இன்னொரு 62,000 கேட்டாங்க.

என்ன பண்ணணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப மனசு ஓடல. ஓடிபி சொல்றதுக்கு முன்னாடி, எந்த டெஸ்ட்ல இந்த பார்ட் போச்சுன்னு தெரிஞ்சுதுன்னு எழுதிக் கேளுங்க. வண்டி ஆஃப் ஆகி நிக்கிற நேரத்துலயே ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. சூட்டுல நின்னு, ஆறினதும் ஸ்டார்ட் ஆகுற வண்டின்னா முதல்ல கிராங்க் சென்சாரைப் பாக்கச் சொல்லுங்க. பழைய பார்ட் கைக்கு வராம பணம் கட்டாதீங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிஞ்சாச்சு. நாளைக்குக் காலைல பில்லையும் பழைய சென்சாரையும் எடுத்துக்கிட்டு அந்த ஒர்க்ஸ் மேனேஜர் ரூம் வாசல்ல போய் உக்காரப் போறேன். மீட்டிங் எப்ப முடியுதோ முடியட்டும்.