டீச்சர் கழுத்தில் மாட்டும் மைக்: மூன்றாவது கல்வியாண்டில்

டீச்சரின் குரலை வயர் இல்லாமல் என் மகளின் ஹியரிங் எய்டுக்கு அனுப்பும் மைக், சர்வீஸுக்குப் போய் ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டது. இங்கே பெங்களூரு கே.ஆர். புரத்தில் இருக்கும் நண்பர், தன் அக்கா மகனுக்கு இதை வாங்கலாமா என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாடல், சார்ஜ், ரேஞ்ச் எல்லாம் ஆடியாலஜிஸ்டே (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) சொல்லிவிடுவார். வகுப்பறைக்குள் போனபிறகு இது என்ன பாடுபடுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மகள் ஏழாம் வகுப்பு. இரண்டு காதிலும் ஹியரிங் எய்ட். பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய சாதாரணப் பள்ளி. பேசுகிறவர் இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் இறங்கிவிடும். ஃபேன் சத்தமும் லாரி ஹாரனும் இறங்காது. கேட்கும் திறன் குறைந்த பிள்ளைக்கு டீச்சர் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும் என்பார்கள். அமெரிக்காவில் காலி வகுப்பறையின் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று தரநிர்ணயமே உண்டு. நம் ஊரில் ஜன்னலைத் திறந்தாலே கதை முடிந்தது. இந்த மைக் டீச்சரின் வாய்க்கு ஒரு சாண் கீழே தொங்குவதால் குரல் நேராகக் காதுக்குப் போகிறது. இந்த வேலையில் குறையே சொல்ல முடியாது.

நான் எதிர்பார்க்காதது கன்னடம். வீட்டில் தமிழ், பாடம் ஆங்கிலம். இந்த இரண்டிலும் பாதி கேட்டால் மீதியை ஊகித்துக்கொள்வாள். கன்னடம் வகுப்பில் மட்டும்தான் காதில் விழுகிறது, ஊகிக்கக் கையிருப்பு கிடையாது. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு மொழி போதும் என்ற சலுகை உண்டு, எங்களுக்கும் அதைச் சொன்னார்கள். ஆனால் இந்த ஊரில் கண்டக்டரிடம் பேச வேண்டாமா? மைக் வந்த பிறகு டிக்டேஷனில் ஒற்றெழுத்துகூட விடாமல் எழுதுகிறாள். கன்னட மிஸ் நோட்டைக் காட்டியபோது அவருக்கே நம்ப முடியவில்லை.

இனி மியூட் பொத்தான். பின் பெஞ்சில் ஒருவனைத் தனியாகத் திட்டுவதற்காக மியூட் போடுவார்கள், பாடத்துக்குத் திரும்பும்போது எடுக்க மறந்துவிடுவார்கள். இவள் கையைத் தூக்க மாட்டாள், பன்னிரண்டு வயசு. சில சமயம் தலைகீழாக, மியூட் போடாமலே வெளியே போய்விடுவார்கள். அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போன செய்தி வகுப்பில் முதலில் இவளுக்குத்தான் தெரிந்தது.

அதைவிடக் கொடுமை பீரியட் மாறும் நேரம். சயின்ஸ் மிஸ் மைக்கோடு மாடி ஏறிவிடுவார், அடுத்த மிஸ் பாடத்தைத் தொடங்கிவிடுவார், இவள் படிக்கட்டில் ஓடுவாள். வகுப்பு லீடரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள் என்று கேட்டேன். சர்க்குலர் போட்டாயிற்று என்றார்கள். சர்க்குலர் மைக்கைக் கழற்றிக் கையில் கொடுக்குமா?

மற்ற பிள்ளைகள் சொல்லும் பதில் மைக்கில் வராது. டீச்சர் ஒருமுறை திருப்பிச் சொன்னால் போதும், யாரும் சொல்வதில்லை. அந்தச் சயின்ஸ் மிஸ் மட்டும் (மாடி ஏறுகிறவர்தான், நியாயத்துக்குச் சொல்கிறேன்) பதில் சொல்கிற பிள்ளையின் கையில் மைக்கைக் கொடுத்துவிடுகிறார். மைக் பிடிக்கப் போட்டி. ஒரே நேரத்தில் நாலு பேர் கத்துவது நின்றுவிட்டது, அந்த வகுப்பே அமைதியாகிவிட்டதாம்.

சார்ஜிங் முனை ஆடிப்போய் சர்வீஸுக்குக் கொடுத்தபோது மாற்று மைக் தரவில்லை, போன் செய்தால் எடுப்பதும் இல்லை. அந்த நாட்களில் மேத்ஸ் சார் பிள்ளைகளைப் பார்த்து நின்று பேசினார். தலைப்புகளைப் போர்டில் எழுதிவிட்டுத் தொடங்கினார். இவளை முன் பெஞ்சுக்கு மாற்றினார், பக்கத்துப் பெண் நோட்ஸ் கொடுத்தாள். மைக் திரும்பி வந்த அன்றே சார் மறுபடி போர்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். அதுதான் மைக் இருக்கிறதே என்கிறார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பிள்ளையின் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. அந்த ஏற்பாடு லட்சத்தை ஒட்டி நான் செலவழித்த ஒரு பொருளோடு முடிந்துவிட்டதாகப் பள்ளி நினைக்கிறது. எனக்கு எரிச்சல் அங்கேதான்.

அதனால் நண்பருக்கு இன்றைய பதில்: வாங்காதீர்கள். முதலில் பள்ளிக்குப் போய், பீரியட் முடிந்ததும் மைக்கை யார் யாரிடம் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு கடைக்குப் போகலாம். என் மைக்குக்கு வாரன்டி முடிந்துவிட்டது, அடுத்த மாடல் விலையை நேற்று நானே விசாரித்துவிட்டேன்.