திருநின்றவூரா, திருக்கழுக்குன்றமா, பொன்னேரியா: சென்னைக்கு அருகே ஊர்த்தன்மை மாறாத இடம் எது?

சென்னை வேலையை விடாமல் ஊர்ப்பக்கம் குடியேற நினைப்பவர்கள் முதலில் மனை விலையைக் கேட்கிறார்கள், அடுத்து ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: சென்னை இல்லாவிட்டாலும் அந்த ஊர் ஓடுமா? சுற்றுக் கிராமத்து மக்கள் பத்திரம் பதியவும், விதைநெல் வாங்கவும், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கவும், திருவிழா பார்க்கவும் வந்துபோகிற இடம்தான் ஊர். காலை ரயிலில் கிளம்பி, இரவு தூங்க மட்டும் திரும்பும் இடத்தைச் சுற்றி எத்தனை வயல் இருந்தாலும் அது மாநகரத்தின் வால்தான்.

இந்த அளவுகோலோடு மூன்று ஊர்களைப் பார்ப்போம்.

திருநின்றவூரின் பெரும் பலம் ரயில். சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். திருவள்ளூர், அரக்கோணம் மின்சார ரயில்கள் எல்லாம் இந்த வழிதான். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய ஊருக்கு அழகும் உண்டு. திருமங்கையாழ்வார் பாடிய பக்தவத்சலப் பெருமாள் கோயில், தாயாருக்கு ‘என்னைப் பெற்ற தாயார்’ என்ற திருநாமம். மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊரும் இதுதான். கோயிலைச் சுற்றிய தெருக்களில் மாலையில் நடந்தால், ஆவடி சில நிலையங்கள் தள்ளித்தான் இருக்கிறது என்பதே மறந்துபோகும்.

சிக்கல் ஏரியில் இருக்கிறது. ஏரியை ஒட்டித் தாழ்வாகக் கிடந்த நிலமெல்லாம் மனைப்பிரிவுகளாகிவிட்டன. வடகிழக்குப் பருவமழை வலுத்த ஆண்டுகளில் ஏரி நிரம்பினால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது, வீடுகளுக்குள் நிற்கிறது. இதற்குத் தண்ணீரைக் குறை சொல்வது அநியாயம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தால் போதும் என்று இங்கே மனை வாங்காதீர்கள். கிராம வரைபடத்தில் அந்தப் புல எண்ணைச் சுற்றி ஏரி, கலங்கல் (நிரம்பிய ஏரியின் உபரிநீர் வெளியேறும் இடம்), வாய்க்கால் எங்கே இருக்கின்றன என்று பார்த்தே தீர வேண்டும். மூன்று ஊர்களில் ஊர்த்தன்மையை வேகமாக இழந்துவருவதும் இதுதான் என்பது என் கணிப்பு. அந்த இழப்பைக் கொண்டுவந்ததும் அதே ரயில் வசதிதான்.

திருக்கழுக்குன்றம் நேர் எதிர். ரயில் இல்லை. செங்கல்பட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். அதனாலேயே இன்னும் முழுமையான ஊராக இருக்கிறது: மலைமேல் வேதகிரீஸ்வரர், அடிவாரத்தில் பக்தவத்சலேஸ்வரர், அகலமான தேரோடும் வீதிகள், படிகள் இறங்கும் சங்கு தீர்த்தம், தாலுகா அலுவலகம், கடைத்தெரு. மூன்றில் கண்ணுக்கு மிக அழகான ஊர் என்றால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் சென்னை மையப்பகுதியில் தினசரி வேலை என்றால் இதை நினைக்கவே வேண்டாம். பஸ்ஸும் ரயிலும் மாறி ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். கல்பாக்கத்திலோ செங்கல்பட்டிலோ வேலை பார்ப்பவர்களுக்கும், ஓய்வு பெற்றவர்களுக்கும், வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் அலுவலகம் போனால் போதும் என்பவர்களுக்கும் ஏற்ற ஊர்.

பொன்னேரிக்கு வருவோம். வடசென்னைக்கு அப்பால் என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி ரயிலில் போகும்போது எண்ணூர், அத்திப்பட்டு வழியாக அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும் நிலக்கரியையும் பார்த்துவிட்டு, இதற்கு மேல் என்ன இருக்கப்போகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மீஞ்சூர் தாண்டியதும் காட்சி மாறுகிறது. இருபுறமும் நெல் வயல். பொன்னேரி ஆரணியாற்றங்கரை ஊர். சார் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், அரசு கலைக் கல்லூரி, மீன்வளக் கல்லூரி என்று தனக்கென ஒரு நடமாட்டம் உண்டு. பழவேற்காடு ஏரிக்குப் போகிறவர்கள் இறங்கும் ரயில் நிலையமும் இதுதான். ஏரி இறாலும் நண்டும் பக்கத்திலேயே கிடைக்கும். சித்திரையில் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் நேருக்கு நேர் சந்திக்கும் விழாவுக்குச் சுற்றுக் கிராமங்களெல்லாம் திரண்டு வரும். ஓர் ஊர் தன் சொந்தக் காலில் நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. விஜயவாடா, ஹவுரா பக்கம் போகும் விரைவு ரயில்களுக்கும் சரக்கு ரயில்களுக்கும் இதே தடம்தான் என்பதால் மின்சார ரயில் வழியில் நிற்பது சகஜம். திருநின்றவூர்த் தடத்தின் ஒழுங்கை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணியாற்றங்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை வரும். நிலத்தடி நீர் அதைவிடப் பெரிய கவலை. சென்னையின் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் இந்தப் படுகையிலிருந்து பல பத்தாண்டுகளாக இறைத்ததில் மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்துக்குள் ஏறிவிட்டது. வீட்டுக்கு வீடு நீரின் சுவை மாறலாம். முன்பணம் கொடுக்கும் முன் அந்த மனையையொட்டிய ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுங்கள். 2014 மத்திய பட்ஜெட்டில் பொன்னேரிக்கு நவீன நகரத் திட்டம் பேசப்பட்டதைச் சொல்லி விலை ஏற்றும் தரகர்களை நம்பவும் வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகும் நான் பொன்னேரியைத்தான் சொல்வேன். நகரத்தில் வேலை, ஊரில் வாழ்க்கை என்ற இரண்டையும் ஓரளவு சேர்த்துத் தருவது மூன்றில் இது ஒன்றுதான். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும், கணவன் மனைவி இருவரும் தினமும் சென்ட்ரல் பக்கம் போக வேண்டிய குடும்பம் என்றால் மட்டும் திருநின்றவூரின் மேட்டுப்பகுதியைத் தேடலாம்.

எந்த ஊரானாலும் முதலில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அந்த ஓராண்டுக்குள் கட்டாயம் வரட்டும். கோடையில் மனையைக் காட்ட ஆள் தேடி வருவார்கள். மழையில் நீங்களாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.