சூல்வித்தகத்தில் தாயின் பங்கும் தந்தையின் பங்கும்

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கரு கலைந்தால், கொழுந்துக்கூடையோடு மலையேறியவளையே லயம் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) முழுவதும் குறைகூறுவதைக் கேட்டு வளர்ந்தேன். ஆகவே முளையத்தின், அதாவது ஆரம்பநிலைக் கருவின், பிழைப்பில் பெற்றோர் இருவரின் மரபணுக்களும் வகிக்கும் பங்கை ஒப்பிடுவது அவசியம் என்று கருதுகிறேன்.

1984இல் எலிகளில் நடத்தப்பட்ட பரிசோதனைகளில், தாயின் மரபுத்தொகுதி (மரபணுக்களின் முழுத்தொகுப்பு) மட்டும் இரட்டிப்பாக இருந்த முளையம் ஓரளவு உருப்பெற்றாலும், நஞ்சுக்கொடி என்று நாம் சொல்லும் சூல்வித்தகத்துக்குரிய இழையம் மிகவும் குன்றியிருந்தது. தந்தையின் தொகுதி மட்டும் இருந்தபோதோ அவ்விழையம் செழித்தது, முளையம் குன்றியது. இரண்டுமே பிழைக்கவில்லை. மனிதரில் முழுமையான முத்துப்பிள்ளைக் கர்ப்பம் பின்னதை ஒத்தது: அங்கு கருவின் மரபணுக்கள் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மட்டுமே வருகின்றன, குழந்தை உருவாவதில்லை.

பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் பிரதிகளில் தந்தைவழிப் பிரதி மட்டுமே செயற்படும் பெக்10 என்ற மரபணுவை நீக்கினால், எலி முளையங்கள் சூல்வித்தகக் குறைபாட்டால் ஏறத்தாழ பத்தாம் நாளில் மடிகின்றன. பண்டைக்காலத்தில் மரபுத்தொகுதிக்குள் புகுந்த, வைரசை ஒத்த ஒரு கூற்றிலிருந்து இது தோன்றியது என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. தாய்வழியில் செயற்படும் பிஎச்எல்டிஏ2 மரபணுவோ சூல்வித்தகத்தின் வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது.

ஆயினும் மனிதரின் ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்கு, மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்களின்) எண்ணிக்கையில் தற்செயலாக நேரும் பிழையே காரணம்.