மூன்று வருடத்துக்குப் பிறகு என் டி-55: எது நின்றது, எது உதிர்ந்தது

கிருஷ்ணகிரியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் மேஜைக்குப் பின்னால், டெம்பர்டு கிளாஸ் அட்டைகள் தொங்கும் சுவரில், அக்ரிலிக் பெட்டிக்குள் ஒரு டாங்க் நிற்கிறது. சோவியத் டி-55. 1/35 அளவு, ஜப்பானின் டாமியா கம்பெனியின் பிளாஸ்டிக் கிட், பாகங்களை நாமே ஒட்டிச் செய்வது. போன் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் "இது எவ்வளவுண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். விற்பனைக்கு இல்லை.

புது கிட்டின் பெட்டியைத் திறந்து காட்டும் வீடியோக்கள் நிறையவே கிடைக்கின்றன. மூன்று வெயிலும் மூன்று மழையும் பார்த்த மாடல் எப்படி இருக்கிறது என்று சொல்கிறவர்கள்தான் குறைவு. அதனால் எழுதுகிறேன்.

ஏன் டி-55? பெரியப்பா. அவர் ராணுவத்தில் இந்த வண்டியை ஓட்டியவர். ஓய்வுபெற்று வந்து பர்கூர் பக்கம் மாந்தோப்பு பார்க்கிறார். 1971 போரில் நம் படை ஓட்டிய டாங்குகளில் இதுவும் ஒன்று. பெரியப்பா சேர்ந்தது அதற்குப் பிறகு. கிட் பெட்டியில் டி-55ஏ என்று போட்டிருக்கும். நம்மிடம் இருந்ததற்கும் அதற்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. நான் கண்டுகொள்ளவில்லை. வேறு விஷயங்களில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிய பெரியப்பாவும் இதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒட்டும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாகங்கள் ஒன்றோடொன்று அப்படிப் பொருந்துகின்றன. நிஜ வண்டியின் உடல் நீளம் 6.45 மீட்டர், மாடலில் 18.4 சென்டிமீட்டர், உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு. (இந்த 35 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1960களின் தொடக்கத்தில் டாமியா செய்த பேந்தர் டாங்குக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அடங்கிய அளவு அது. பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது.) என் தொழிலில் ட்வீசர், லென்ஸ் விளக்கு, நுனி மெல்லிய பிரஷ், ஐபிஏ (போர்டு கழுவும் ஆல்கஹால்) எல்லாம் ஏற்கெனவே இருந்தன. தேய்த்து வழவழப்பாக்கும் வாட்டர் பேப்பருக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. நானூறிலிருந்து இரண்டாயிரம் நம்பர் வரை ஹார்டுவேர் கடையிலேயே கிடைத்தது.

பொறுமையைச் சோதித்தது சக்கரங்கள்தான். பக்கத்துக்கு ஐந்து, ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு. ஆக இருபது தட்டுகளுக்கு ரப்பர் விளிம்பைக் கறுப்படிக்க வேண்டும். பல்குச்சியில் செருகி, மினி டிரில்லில் மெதுவாகச் சுழலவிட்டு, பிரஷ்ஷை அசையாமல் பிடித்தால் வட்டம் தானாக விழும். அப்புறம் டரட், பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி. நிஜத்தில் அது வார்ப்பு எஃகு, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். உடல்பகுதி தகடு, வழவழ. டரட்டில் மட்டும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் மெல்லிய பசையைத் தடவி, பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்தேன். மூன்று வருடம் கழித்தும் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

பெயின்ட்டில்தான் ஊரின் வெயில் குறுக்கே வந்தது. முதலில் வாங்கியது பேட்டரியில் ஓடும் கையடக்க ஏர்பிரஷ், காற்றால் பெயின்ட்டைத் தூவும் கருவி. விலை மலிவு. ஏழாவது மாதம் சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொண்டது. பேட்டரி மாற்றுவதே தொழிலாக இருக்கும் என்னாலேயே அதைப் பிரித்து மூட முடியவில்லை, அப்படி ஒட்டி வைத்திருந்தார்கள். கம்பெனி பெயரைச் சொல்லிப் பயனில்லை. அதே சாமான் பத்துப் பெயரில் விற்கிறது. பிறகு மூன்று லிட்டர் டேங்க் உள்ள சின்ன கம்ப்ரசரும், 0.3 மில்லிமீட்டர் நாசில் உள்ள ஏர்பிரஷ்ஷும் வாங்கினேன். இன்றுவரை ஓடுகின்றன. டேங்க் இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் காற்று விட்டுவிட்டுத் துடிக்கும், பெயின்ட் துப்பும்.

டாமியா அக்ரிலிக் பெயின்ட் ஆல்கஹாலில் கரைவது. கடையில் ஐபிஏ கேன் கணக்கில் இருக்கிறதே என்று அதையே ஊற்றினேன். சித்திரை மத்தியானம், மொட்டை மாடித் தகரக் கொட்டகை. நாசிலை விட்டு வெளியே வந்த பெயின்ட் பிளாஸ்டிக்கைத் தொடும் முன்பே காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் சுண்ணாம்புச் சுவர். தெரிந்த டிங்கரிங் பட்டறை பெயின்டரிடம் போனேன். "வெயில் ஏறுனப்புறம் நாங்களே அடிக்க மாட்டோம் தம்பி" என்றார். காலை ஆறு மணிக்கு, காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் இரண்டு சொட்டு விட்டு, 15-லிருந்து 18 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடித்தபோது படிந்தது. அவரிடமே வண்டிப் பெயின்ட்டுக்குக் கலக்கும் என்சி தின்னர் ஒரு பாட்டில் வாங்கி வந்து, மாடலில் கை வைக்கும் முன் பிளாஸ்டிக் ஸ்பூனில் சோதித்தேன். ஸ்பூன் வெளுத்து, கொழகொழவென்று இளகிப்போனது. ஏர்பிரஷ்ஷின் பித்தளையைக் கழுவ அது நல்ல சரக்கு. உள்ளே இருக்கும் ரப்பர் ஓ-ரிங்கில் பட்டால் ஊதிப்போகும், அதைக் கழற்றிவிட்டுக் கழுவ வேண்டும். பிளாஸ்டிக் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இனி வெதரிங். புது வண்டியை ஓடிய வண்டியாகக் காட்டும் வேலை. பச்சை அடித்த அன்று மாடல் பொம்மை மாதிரித்தான் இருந்தது. எனக்கு ஆசை தாங்கவில்லை. விளிம்பெல்லாம் துரு, இரண்டு பக்கமும் கரி, கீழே முழுக்கச் சேறு. சேற்றுக்கு எங்கள் தெருவோரச் செம்மண்ணையே அள்ளி, வேட்டித் துணியில் சலித்து, வெள்ளைப் பசையில் குழைத்து அப்பினேன். போட்டோவில் பிரமாதமாக இருந்தது. லைக்கும் நிறைய வந்தது.

ஆடி மாதம் பெரியப்பா கடைக்கு வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்தார்.

"ஏம்பா, இது நம்ம ஊரு செம்மண்ணாச்சே. இந்த வண்டி எப்ப பர்கூருக்கு வந்துச்சு?"

அவர் ஓட்டியது ராஜஸ்தான் மணலில். அங்கே புழுதி சோளமாவு நிறத்தில் வெளுப்பாக இருக்குமாம்.

"புகைக்குழாய் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம், பெரியப்பா."

"அப்புறம் வலது பக்கம் எதுக்கு இவ்ளோ கரி?"

பதில் இல்லை. துருவைப் பார்த்துச் சிரித்தார். "இவ்ளோ துருவோட வண்டிய நிறுத்தினா சுபேதார் சாப் என்னைய வெயில்ல நிறுத்தியிருப்பாரு. வாரத்துக்கு ஒருக்கா துடைக்கிற வண்டிடா."

அப்புறம் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஓட்டுகிறவன் முன்னால் இடது பக்கம் உட்காருகிறான். அவன் ஏறி இறங்கும் இடத்தில் பூட்ஸ் தேய்த்துப் பெயின்ட் மெருகேறியிருக்கும், ஆனால் துருப்பிடிக்காது. டீசல் டாங்க் மூடியைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் சிந்தியிருக்கும். அந்த ஈரத்தில்தான் புழுதி ஒட்டிக் கறுக்கும். செயினுக்கு மேல் உருளைகள் கிடையாது, பெரிய சக்கரங்களின் முதுகிலேயே செயின் தொங்கிப் படுத்திருக்கும். நான் இழுத்து விறைப்பாக மாட்டியிருந்தேன். "சைக்கிள் செயினா இது?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. லைக் போட்ட அத்தனை பேரும் முட்டாளா என்று நினைத்துக்கொண்டு, மாடலை அப்படியே விட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் செம்மண் சேற்றின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. வறுக்காத மண், அதோடு பசை, மழை ஈரம். வராமல் என்ன செய்யும்? பூஞ்சை இல்லாவிட்டாலும் அந்தச் சேறு தப்புதான். அரை மில்லிமீட்டர் மணல் துகளை 35-ஆல் பெருக்குங்கள். ஒன்றே முக்கால் சென்டிமீட்டர், ஜல்லிக்கல் அளவு! வண்டி முழுக்க ஜல்லியை ஒட்டி வைத்திருந்திருக்கிறேன்.

தீபாவளி முடிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பசையைக் கழற்றினேன். இப்போது பெட்டிக்குள் இருப்பது அதன்பிறகு செய்த கோலம். இந்த மூன்று வருடக் கணக்கும் அங்கிருந்துதான்.

செயின் எப்படித் தேயும் என்று பார்க்க வேப்பனஹள்ளிப் பக்கம் கிரானைட் குவாரிக்கு நண்பனோடு போனேன். அங்கே ஹிட்டாச்சி செயின் வண்டிகள் நிற்கின்றன. தரையில் படும் முனைகளும், சக்கரம் உருளும் உள்தடமும் வெள்ளியாக மின்னுகின்றன. மீதியெல்லாம் மந்தமான பழுப்பு. ஆரஞ்சுத் துருவைக் காணவே காணோம். அதே மாதிரி, அடர் பழுப்பு அடித்து, முனைகளில் மட்டும் 6பி பென்சில் தூளை விரலால் தேய்த்தேன். மூன்று வருடம் கழித்தும் அப்படியே இருக்கிறது. இத்தனை செலவில் மிக மலிவானது அந்தப் பென்சில்.

இடுக்குகளில் அழுக்கு படிந்த மாதிரி காட்டத் தண்ணியாகப் பூசும் வாஷுக்கு விலையுயர்ந்த பாட்டில் வேண்டியதில்லை. கேமல் ஆயில் கலரில் பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) ட்யூப் ஒன்றும் மினரல் டர்பன்டைனும் போதும். பெயின்ட்டை முதலில் அட்டையில் பிதுக்கி ஒரு மணி நேரம் வைத்தால் எண்ணெயை அட்டை குடித்துவிடும், மினுமினுப்பு இல்லாமல் சீக்கிரம் காயும். அக்ரிலிக் மேல் இது ஏறினால் அடி பெயின்ட் கரையாது. ஆனால் ஒன்று: சக்கரம் மாட்டும் கைகளின் வேரில் பெயின்ட் சரியாகப் படாமல் விட்டிருந்தேன். அங்கே வாஷ் குளம் கட்டி நின்று, மறுநாள் ஒரு கை 'டக்'கென்று ஒடிந்தது. அழுத்தத்தில் இருக்கும் வெறும் பிளாஸ்டிக்கில் இந்த ஆயில் புகுந்தால் விரிசல் விடும். உள்ளே பித்தளைக் கம்பி செருகி ஒட்டினேன்.

புழுதிக்கு சாக் பாஸ்டல் குச்சியை வாட்டர் பேப்பரில் தேய்த்த தூள்: வெளிர் மஞ்சள், சாம்பல், துளி வெள்ளை. டர்பன்டைன் ஒரு சொட்டு விட்டு இருத்தினேன். கரி இடது ஃபெண்டரில் (செயினுக்கு மேலுள்ள தகடு) மட்டும், குழாய் வாயருகே கறுப்பு, தள்ளிப்போகப் போகச் சாம்பல். செயினைத் தொங்கவைக்க, உடலின் பக்கவாட்டில் ஊசித்துளை போட்டு, செயினுக்கு மேலே குண்டூசித் துண்டைச் செருகி அமுக்கிவிட்டேன். முதலில் சூப்பர் குளூவில் ஒட்டிப் பார்த்ததுதான். ஓரிரு மாதத்தில் பட்பட்டென்று விட்டுக்கொண்டது. குண்டூசி இன்றுவரை விடவில்லை.

மூன்று வருடத்தில் தோற்றது என்ன என்றால், முதலில் சூப்பர் குளூதான். அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி. கடையில் டிரில் ஓடும் அதிர்விலேயே சின்ன உலோகக் கைப்பிடிகள் இரண்டு உதிர்ந்தன. பிளாஸ்டிக் பசையால் ஒட்டியது ஒன்றுகூட அசையவில்லை, அது இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிற பசை. அடுத்தது பாஸ்டல் புழுதி. தட்டையான இடங்களில் நிற்கிறது, செங்குத்தான பக்கங்களிலும் கை பட்ட இடங்களிலும் போயே போச்சு. வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுகிறேன், பத்து நிமிட வேலை. வார்னிஷ் அடித்து மூடிவிட்டால் நிற்கும், ஆனால் புழுதி நனைந்த நிறமாக மாறிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடியில் ஹேர்ஸ்ப்ரே அடித்து, மேல் பெயின்ட்டைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டி, பெயின்ட் உரிந்த மாதிரி செய்த முன் ஃபெண்டர் மூன்றாவது மழைக்காலத்தில் நிஜமாகவே உரிய ஆரம்பித்தது. அடியில் இருக்கும் ஹேர்ஸ்ப்ரே தண்ணீரில் கரையும் சாமான். அதன்மேல் மூடுபூச்சு அடிக்காமல் விட்டது என் சோம்பல். டரட்டில் கையால் எழுதிய வெள்ளை எண் பாலாடை நிறமாகிவிட்டது. எண்ணைக் காப்பாற்ற பளபளப்பான எனாமல் வார்னிஷ் போட்டிருந்தேன், அது மஞ்சளடித்துவிட்டது. எண் பழசானது நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் இனி அந்த வார்னிஷ் வாங்க மாட்டேன்.

பெட்டி இல்லாமல் முதல் எட்டு மாதம் வைத்திருந்தேன். பெங்களூர் ரோட்டுப் புழுதி என் வெதரிங்கைவிட வேகமாக வேலை செய்தது. ஆனால் அது 1/35 புழுதி இல்லை, பஞ்சும் முடியும் கலந்த 1/1 புழுதி. போர்டு கடையில் சொல்லி அக்ரிலிக் ஷீட்டில் பெட்டி செய்தேன். கிட் வாங்கும்போதே இதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

திரும்ப வாங்குவேனா? கிட்டை, கண்ணை மூடிக்கொண்டு. பேட்டரி ஏர்பிரஷ்ஷை, ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம். கடைகளில் விற்கும் 'ரஸ்ட் எஃபெக்ட்', 'மட் எஃபெக்ட்' பாட்டில்கள் இரண்டு பாதி கூடத் தீராமல் டிராயரில் கட்டியாகிக் கிடக்கின்றன.

பெரியப்பா போன மாதம் வந்தார். இடது ஃபெண்டரைப் பார்த்தார், செயினைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "பின்னாடி கட்டைய இன்னும் இறுக்கிக் கட்டணும், ஆடுற வேகத்துல உழுந்துரும்" என்றார். சேற்றில் சிக்கினால் செயினுக்கு அடியில் போட, வண்டியின் பின்னால் கட்டியிருக்கும் மரக்கட்டை அது. நான் சணல் நூலால் சும்மா சுற்றி வைத்திருந்தேன். மாம்பழ சீசனில் கடையில் கூட்டம். முடிந்ததும் பெட்டியைத் திறந்து, கட்டையை அவிழ்த்து, மெல்லிய ஈயக் கம்பியில் கட்ட வேண்டும்.