பத்மினிக்கு "கார்புரேட்டர் போச்சு" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

டெல்டா மாவட்டங்களில் பழைய பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். மயிலாடுதுறைப் பக்கத்து வண்டி ஒன்றுக்கு கும்பகோணத்துப் பட்டறை ஒன்றில் நடந்தது இது.

புகார் எளிமையானதுதான். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வழியாக 'டப்' என்று திருப்பி அடிக்கும், வண்டி திணறும். பானெட்டைத் திறந்ததுமே "கார்புரேட்டர் போச்சு சார், புதுசு போட்டாத்தான் சரியாகும்" என்றார்கள். பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறக்கவில்லை. "ஒரிஜினல் சோலெக்ஸ் (கார்புரேட்டர் பிராண்ட்), புதியது" என்று எழுதி 14,500 ரூபாய்க்கு பில் போட்டார்கள். வண்டி வீட்டுக்கு வந்த பிறகு ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடுவது) நிலைக்கவில்லை. முன்னால் அடித்த வெடியோடு சைலன்சரிலும் வெடி சேர்ந்துகொண்டது.

மாட்டியிருந்தது புதியதே இல்லை. பழைய பாடியை மணல் அடித்து, அலுமினிய பெயிண்ட் பூசியிருந்தார்கள். ஆக்சிலேட்டரோடு திரும்பும் த்ராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கடகடவென்று ஆடியது. அந்த இடைவெளி வழியாகக் காற்று புகுந்தால் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் ஐடிலிங் நிலைக்காது. அதை மறைக்க, பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான மெயின் ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். இதனால் மெதுவாக ஓடும்போது கலவை லீன் (பெட்ரோல் குறைவு), வேகத்தில் ஓடும்போது ரிச் (பெட்ரோல் அதிகம்). எரியாமல் போன பெட்ரோல் சூடான சைலன்சருக்குள் வெடிக்கிறது.

ஜெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்த எண் ஏறக்குறைய மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 120 என்றால் 1.20 மி.மீ. துளை. அதை 1.25 ஆக்கினாலே துளையின் பரப்பு எட்டு சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு, ஆனால் பிளக் கறுத்துப் போகும். அடைப்பெடுக்கிறேன் என்று கம்பியை விட்டுக் குடைவதும் இதே கேடுதான். ஜெட்டைக் காற்றால் ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும். 120 எண் ஜெட்டில் 1.25 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான பின்முனை தாராளமாக நுழைந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தொட்டு விலகும் பாயிண்ட் கருகி, இடைவெளி கிட்டத்தட்ட மூடியிருந்தது, பாயிண்ட்டைக் காக்கும் கண்டென்சர் செத்திருந்தது. கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் பேக்கிங் ஒரு மூலையில் கிழிந்து காற்று இழுத்தது. மூன்றையும் மாற்ற ஆன செலவு, அந்த பில்லோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஆகவே வண்டியைப் பட்டறைக்கு விடும் முன் வெடி எந்தப் பக்கம் என்று பாருங்கள். கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடித்தால் பெரும்பாலும் லீன் கலவை, காற்றுக் கசிவு, சரியாக மூடாத இன்டேக் வால்வு அல்லது மாறிப்போன பிளக் ஒயர். பத்மினியின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி மாட்டியவர் இரண்டு ஒயரை மாற்றிச் செருகினாலே வெடிக்கும். சைலன்சர் வெடித்தால் ரிச் கலவை, பிந்திய டைமிங் (பொறி விழும் நேரம்), மிஸ்ஃபயர் (கலவை எரியாமல் போவது). ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறையும்போது மட்டும் பொரிந்தால் முதலில் சைலன்சர் பைப்பின் முன் ஜாயிண்ட்டைப் பாருங்கள். அங்கே காற்று உள்ளே போகும்.

லீனா என்று அறிய ஒரு சோதனை போதும். எஞ்சின் சூடான பிறகு சோக்கை (கலவையில் பெட்ரோலைக் கூட்டும் இழுப்பான்) பாதி இழுத்து ஓட்டுங்கள். திருப்பி அடிப்பது நின்றால் கலவை லீன்தான். அடுத்து, ஐடிலிங்கில் ஓடவிட்டு மேனிஃபோல்ட் ஓரங்களிலும் கார்புரேட்டர் அடியிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எஞ்சின் சத்தம் மாறும் இடத்தில் கசிவு. இதற்குப் பெட்ரோல் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வண்டி தீப்பிடிக்கும், விடாதீர்கள்.

வரிசை முக்கியம்: முதலில் டேப்பெட் (வால்வு இடைவெளி), பிறகு பாயிண்ட்டும் டைமிங்கும், பிறகு கசிவு, எல்லாம் முடிந்துதான் கார்புரேட்டர். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் நகரும், அதனால் டைமிங்கை மறுபடி வைக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. ஐடிலிங் கலவையைத் திருத்தும் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக, இறுக்காமல் கடைசி வரை மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். உள்ளே திருகினால் லீன். இறுக்கி முறுக்கினால் ஊசி முனையில் பள்ளம் விழும், பிறகு அது எதற்கும் கேட்காது.

"இழுவை கூடும்" என்று ஏர் ஃபில்டரைக் கழற்றி வைக்கும் பழக்கமும் அந்தப் பட்டறையில் இருந்தது. கார்புரேட்டர் திருப்பி அடிக்கும் வண்டியில் இது மிக ஆபத்து. பாய்ந்து வரும் சுடரைத் தடுக்க ஃபில்டர்தான் இருக்கிறது. சம்பா அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் வைக்கோல் தூசு வேறு நேராக உள்ளே போகும். அந்த மாதங்களில் ஃபில்டரை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்தால் போதும்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவில் கலவை இன்னும் லீனாகும். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் ஊறிப் பிய்ந்துபோகும். எத்தனாலைத் தாங்கும் ரப்பரையே கேட்டு வாங்குங்கள். மழை மாதங்களில் பாதி டேங்கோடு வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தினால் எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீர் அடியில் தங்கிவிடும். கலவை லீனாகி ஜெட்டை மாற்றத் தேவைப்பட்டால் அடுத்த பெரிய எண்ணைப் போடலாம், ஆனால் துளைக்கக் கூடாது.

அந்த உரிமையாளருக்குப் பெரிய இழப்பு பணம் இல்லை. கழற்றிய ஒரிஜினல் கார்புரேட்டரைக் கேட்டபோது "ஸ்கிராப்ல போயிடுச்சு சார்" என்றார்கள். சென்னைப் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினாலும் அந்த அளவு தேயாத பாடி எளிதில் கிடைக்காது. பட்டறையில் விடும்போதே கார்புரேட்டரை நாலு பக்கமும் படம் எடுங்கள், ஜெட் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகம் எல்லாம் பையில் போட்டுத் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, மேம்பாலம் ஏறி இறங்கி ஓட்டிப் பார்த்த பிறகே முழுப் பணத்தைக் கொடுங்கள்.