எம்.ஏ.எல் எண்ணா, பேட்ச் முத்திரையா, நாலு முட்டையா?

கோலாலம்பூர் செந்தூல் திடலில் பயிற்சி முடிந்ததும் ஒரு தம்பி பையைத் திறந்து மூன்று டப்பாக்களை என் முன்னால் வைத்தான். அடுத்த மாதம் ஒரு காற்பந்துக் கிளப்பின் தேர்வுக்குப் போகிறான். அவனை அணியில் எடுத்துக்கொண்டால் லீக் ஆட்டம். லீக் ஆட்டம் என்றால் என்றைக்காவது ஊக்கமருந்து சோதனை. "எத வெச்சுக்கலாம், எத தூக்கிப் போடணும்ண்ணே?" என்றான். ஒன்று இணையத்தில் வாங்கிய கொழுப்புக் கரைப்புப் பொடி. இன்னொன்று அத்தை கொடுத்த மூலிகைக் காப்ஸ்யூல். மூன்றாவது, தசை வலுவுக்காக எடுக்கும் கிரியேட்டின், முத்திரை போட்டது. நான்காவதாகச் சாப்பாட்டையும் நான் சேர்த்துக்கொண்டேன்.

காற்பந்தில் பொதுவாக ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியிலும் இரண்டு பேரைக் குலுக்கலில் எடுப்பார்கள். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க 90 மில்லி சிறுநீர். அதை ஏ, பி என்று இரண்டு போத்தலில் ஊற்றி மூடுவார்கள். கடந்த ஏழு நாளில் எடுத்துக்கொண்ட மருந்து, சத்துப்பொருள் எல்லாவற்றையும் பாரத்தில் எழுத வேண்டும். தடைப் பொருள் உடம்பில் இருந்தால் பொறுப்பு விளையாட்டாளருடையது. 'தெரியாது' என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை அழிக்காது.

பொடியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அதில் 'சொந்தக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் போட்டிருந்தார்கள். உள்ளே எது எவ்வளவு என்று இல்லை. ஜெர்மனியின் கொலோன் ஊக்கமருந்து ஆய்வுக்கூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப்பொருள்களைச் சோதித்து 2004ல் முடிவை வெளியிட்டது. 94ல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் வகைப் பொருள்கள் இருந்தன. ஏழில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்புக் கரைப்பானில் மாட்டியவர் அப்போது லிவர்பூல் கிளப்பில் ஆடிய மமாடு சாக்கோ. 2016ல் அவர் உடம்பில் ஹைஜெனமின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். அது அப்போது தடைப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை என்பதால் வழக்கு தள்ளுபடியானது, 2020ல் தடைப் பட்டியலைப் போடும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவே மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் கொடுத்தது. அதனால் என்ன, யூரோப்பா லீக் இறுதியாட்டம் போயிற்று, யூரோ 2016ம் போயிற்று. 2017லிருந்து ஹைஜெனமின் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. சாக்கோவுக்குக் கிடைத்த சந்து இனி யாருக்கும் கிடைக்காது.

அத்தையின் காப்ஸ்யூலில்தான் நேரம் போயிற்று. "எம்.ஏ.எல் நம்பர் இருக்குண்ணே, ஹோலோகிராம் கூட ஒட்டிருக்கு" என்று தம்பி வாதாடினான். இருக்கிறது, சரி. அந்த எண் மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ கொடுக்கும் பதிவு. கடைசி எழுத்து டி என்றால் பாரம்பரிய மருந்து. கன உலோகம், கிருமி போன்றவை வரம்புக்குள் இருக்கின்றனவா, நாட்டில் சட்டப்படி விற்கலாமா என்பது அந்தப் பதிவின் கேள்வி. வாடா பட்டியலில் உள்ள பொருள் இருக்கிறதா என்பது அதன் கேள்வியே இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் நிம்மதியாக விழுங்குகிறார்கள்! போதாததற்கு, பாரம்பரிய மருந்து என்ற பேரில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்து விற்றதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்து அறிவித்துக்கொண்டுதான் இருக்கிறது.

டெக்ஸாமெத்தசோன் என்றதும் நம் நாட்டில் எல்லோருக்கும் டத்தோ லீ சோங் வேய் ஞாபகம் வரும். 2014 உலகப் பூப்பந்துப் போட்டியில் எடுத்த மாதிரியில் அது இருந்தது. கார்டிசெப்ஸ் காப்ஸ்யூலின் ஜெலட்டின் உறை வழியாக வந்தது என்பதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. எட்டு மாதத் தடை, வெள்ளிப் பதக்கமும் போயிற்று. உள்ளே இருந்த மூலிகை அல்ல, மேலே இருந்த தோல்! (ஜெலட்டின் பேச்சு வந்ததால் ஒன்று: ஹலால் முத்திரை இருந்தாலும் உறை பெரும்பாலும் மாட்டு ஜெலட்டின்தான். மாடு சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் இதைக் கவனிப்பதே இல்லை.)

டப்பாவைத் திருப்பி மூலப்பொருளைப் படித்தேன். பத்தாவாலி என்றிருந்தது, தாவரப் பெயர் டினோஸ்போரா கிறிஸ்பா. நம் சீந்தில் கொடியின் உறவுக்காரி; சர்க்கரை நோய்க்கு என்று கிராமங்களில் கசக்கக் கசக்கக் குடிப்பார்கள். ஹைஜெனமின் இருக்கும் தாவரம் என்று வாடா பெயர் சொல்லிக் குறிப்பிட்டது இதைத்தான். சாக்கோவை உட்கார வைத்த அதே பொருள், அத்தையின் அன்போடு பையில் இருந்திருக்கிறது. மாட்டிக்கொள்ளக் கலப்படம் எதுவும் வேண்டாம், செடி சுத்தமாக இருந்தாலே போதும். என்னைக் கேட்டால் இந்த ஒப்பீட்டில் பொடியை விட இதுதான் ஆபத்து. பொடியின் மேல் எவனுக்கும் கொஞ்சமாவது சந்தேகம் வரும், அத்தை மேல் வராது.

மூன்றாவது டப்பாவில் இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் முத்திரை. ஒவ்வொரு பேட்சையும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) விற்பனைக்கு விடுமுன் தடைப் பொருளுக்குச் சோதிக்கும் திட்டம் இது. பேட்ச் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். இன்ஃபார்ம்ட் சாய்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது, பேரைப் பார்த்து ஏமாறக் கூடாது: அது கடையிலிருந்து அவ்வப்போது எடுத்துச் சோதிப்பது, எல்லா பேட்சும் அல்ல. புரதப் பொடி வாங்கினால் அதில் எம்.ஏ.எல்லைத் தேடாதீர்கள், அவை பெரும்பாலும் உணவுக் கணக்கில் வருவதால் அந்த எண் இருக்காது. கிரியேட்டின் தடை செய்யப்பட்டதல்ல, ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் போதும், வேலை செய்யும் என்பதற்கு நல்ல ஆதாரமும் உண்டு. குறை என்ன? விலை. சம்பளம் தள்ளிப் போகும் கிளப்புகள் உள்ள லீக்கில் அது சின்னக் குறை இல்லை. அப்புறம், முத்திரையும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தராது. ரசீதையும் பேட்ச் எண்ணின் படத்தையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கலப்படம் என்று நிரூபித்தால் தண்டனை வெறும் எச்சரிக்கை வரை இறங்கலாம், ஆனால் நிரூபிக்கும் வேலை நம்முடையது. ஊக்கமருந்து வழக்கில் பிரான்ஸ் காற்பந்து ஆட்டக்காரர் போக்பாவுக்கு நான்கு ஆண்டுத் தடை, மேல்முறையீட்டில் 18 மாதமானது. அவரிடம் வக்கீல் வைக்கக் காசு இருந்தது.

இனி சாப்பாடு. தம்பி 65 கிலோ. கிலோவுக்கு 1.6 கிராம் என்றால் நாளைக்கு 104 கிராம் புரதம். நாலு முட்டை 24, சமைத்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் ஏறக்குறைய 45, தெம்பே 100 கிராமில் 19, இரண்டு கிளாஸ் பால் 16. கணக்கு முடிந்தது, புரதப் பொடியே வேண்டாம். மாமாக் கடை தே தாரிக் இதில் சேராது, அதில் இருப்பது சீனிப் பால். ஆட்டத்துக்கு முன் சுறுசுறுப்பு வேண்டுமா, பால் சேர்க்காத கோப்பி ஓ குடி. காஃபீனை 2004லேயே தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டிலும் விபத்து நடந்திருக்கிறது. 2011 கோல்ட் கப்பில் மெக்சிகோ ஆட்டக்காரர் ஐவர் கிளென்புட்டரோல் என்ற தடைப் பொருளில் மாட்டி, கறியால் வந்தது என்று விடுவிக்கப்பட்டார்கள். ஆனாலும் நாலு முட்டைக்காகப் பயப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் வரிசை: சாப்பாடு, கையில் காசு மிஞ்சினால் முத்திரை போட்ட கிரியேட்டின், அதோடு நிறுத்து. தேர்வானால் கிளப் மருத்துவரிடம் டப்பாவைக் காட்டிவிட்டுத் தொடர். பொடி அன்றைக்கே திடல் ஓரக் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. காப்ஸ்யூலைத் திருப்பிக் கொடுத்தபோது அத்தை கோபித்துக்கொண்டாராம்: "இதுல என்னடா ஊக்கமருந்து? நான் மூணு வருஷமா சாப்பிடுறேன், ஒரு தடவையாச்சும் ஓடியிருக்கேனா?"