கல்லடி வாவிப் படகுச் சவாரி: எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கோ

நியூசிலாந்தின் வகாட்டிப்பு ஏரியில் 1912இல் ஓடத் தொடங்கிய ஏர்ன்ஸ்லோ நீராவிக் கப்பல் இன்றும் நிலக்கரியில்தான் ஓடுது. உலையில் கரி அள்ளிப் போடுவதைப் பார்ப்பதே அங்கே பாதிச் சவாரி. நம்மட மட்டக்களப்பு வாவியில் நேரெதிர்: எஞ்சின்தான் இடைஞ்சல்.

பாடும் மீனை, அதாவது வாவித் தண்ணிக்குள் இருந்து இரவில் வரும் இசை மாதிரியான சத்தத்தை, கேட்கப் போறவங்க ஏப்ரலில் இருந்து செப்டெம்பருக்குள், பறுவத்தை (முழுநிலவை) ஒட்டிய இரவாகப் பார்த்துப் போகவேணும். கல்லடிப் பழைய பாலத்துக்குக் கிட்ட எஞ்சினை நிறுத்தி, துடுப்பின் அலகைத் தண்ணிக்குள் விட்டு, பிடியைக் காதோடு ஒட்டிப் பிடியுங்கோ. மரம் ஒலியைக் கடத்தும். சத்தம் மெல்லிசுதான், படகில் யாராவது காலை அசைத்தாலே போயிரும். காத்தடிச்சு அலை தட்டினால் ஒன்றும் கேளாது, அன்றைக்குக் காசைக் கொடுக்காதீங்க.

பகல் சவாரிக்கு விடியற்காலைதான் சரி. 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையைத் தண்ணிப் பக்கமிருந்து பார்க்கலாம். பாலமீன்மடுவில் 1913 வெளிச்சவீடு, அதையொட்டிக் கண்டல் காடு. கரையோரம் ஆழம் குறைவு, எஞ்சின் விசிறியில் பாசியும் வலைத்துண்டும் சுற்றும். துடுப்பு இல்லாத படகில் ஏறவேண்டாம். கூலி ஆளுக்கா, படகுக்கா என்பதைக் கரையிலேயே பேசுங்கோ. உயிர்காப்பு அங்கியின் கொளுக்கியையும் பூட்டிப் பாருங்கோ, பல இடத்தில் அது உடைஞ்சுதான் கிடக்கும்.